பிட் கறுத்தால் யார் குற்றம்?

சால்டரிங் அயர்ன் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்?" என்று. கொஞ்ச நாள் கழித்து அதே கடைக்குத் திரும்பி வந்து சொல்வது, "அண்ணே, பிட்டுல ஈயமே ஒட்ட மாட்டேங்குது." இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களின் பணமும் பொறுமையும் கரைகின்றன. குறைந்த விலை அயர்னை வைத்தே நல்ல வேலை செய்யலாம். பணத்தை எதில் போடுவது, பிட் (அயர்னின் முனை) மக்கர் செய்தால் கோளாறு பிட்டிலா, லெட்டிலா (உருக்கி ஒட்டும் ஈயக் கம்பி), கரண்டிலா, நம் கையிலா என்று எப்படிப் பிரிப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும். தஞ்சைப் பக்கம் இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக இந்தக் குறிப்புகள்.

வேலை எங்கே இருக்கிறது?

காவிரி டெல்டாவில் எலக்ட்ரானிக்ஸ் வேலை செல்போன் கடையோடு முடிந்துவிடுவதில்லை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் தண்ணீர் வருவதற்கு முன்பே போர்வெல் மோட்டாரை ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டர்களில் ரிலேயின் கால்களில் ட்ரை சால்டர் விழுவது அடிக்கடி வரும் பழுது. மோட்டார் ஓடுகிற அதிர்விலும் பெட்டிக்குள் ஏறும் சூட்டிலும் அந்த ஜாயின்ட் மெல்ல விட்டுப்போகும். மறுபடி ஈயம் வைத்தால் ஸ்டார்ட்டர் பிழைத்துக்கொள்ளும்.

சம்பா அறுவடை வந்தால் ஈரப்பத மீட்டர், எடைத் தராசு, சார்ஜர் எல்லாம் மேசைக்கு வரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு. மீட்டர் தப்பாகக் காட்டினால் மூட்டை திரும்பும். இங்கே ஓர் எச்சரிக்கை: எலக்ட்ரானிக் தராசைப் பழுதுபார்க்க, 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் தராசின் முத்திரையை உடைத்து உள்ளே கை வைக்காதீர்கள்.

இவை போக, ஜனவரியில் திருவையாறு ஆராதனை, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், ஊருக்கு ஊர் கோயில் திருவிழா, தை பிறந்தால் கல்யாணம் என்று மைக்செட்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. அவர்களுடைய கேபிள் முனைகளும் ஆம்ப்ளிஃபையர் போர்டுகளும் சீசனுக்கு முன்பே பழுதுபார்க்க வந்துவிடும். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு இந்த மண்ணில் தனி மரியாதை உண்டு.

முறையாகக் கற்க விரும்பினால், அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். உங்களுக்குப் பக்கத்து ஐ.டி.ஐ.யில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பணத்தை எதில் போடுவது?

தொடக்கத்துக்கு 230 வோல்ட், 25 வாட்ஸ் அயர்ன் ஒன்று போதும். சோல்ட்ரான் போன்ற பெயர் தெரிந்த இந்தியத் தயாரிப்பாகப் பாருங்கள். பெயரே இல்லாத அயர்னுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் பெரிதல்ல. பிட்டும் ஹீட்டரும் தனியாக வாங்கக் கிடைக்கும் என்பதுதான் பெரிய வித்தியாசம். உதிரி கிடைக்காத அயர்ன் எவ்வளவு மலிவானாலும் நஷ்டமே. எல்.இ.டி. பல்பு டிரைவர், ஸ்விட்ச் போர்டு வயர், மிக்சி போர்டு, சின்ன ஆம்ப்ளிஃபையர் வரை இதில் பார்த்துவிடலாம். கனமான எர்த் பட்டை, தடித்த இன்வெர்ட்டர் கேபிளுக்கு மட்டும் 60 வாட்ஸ் வேண்டும்.

மாதம் கொஞ்சம் வருமானம் வரத் தொடங்கியதும் அடுத்த கட்டமாக, டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள ஸ்டேஷனுக்குப் போங்கள். ஜப்பானின் ஹக்கோ நிறுவனத்தின் 936 மாடலைப் பார்த்துச் செய்த மலிவு ஸ்டேஷன்கள் சந்தையில் ஏராளம். இவற்றில் ஓடுவது 900எம் வகை பிட். எல்லா ஊரிலும் கிடைக்கும் என்பதே இதன் பலம். பிட்டும் ஹீட்டரும் சென்சாரும் ஒரே குச்சியாக இருக்கும் டி12 வகை இன்னும் வேகமாகச் சூடேறும். ஆனால் அதில் பிட் போனால் ஹீட்டரும் சேர்ந்தே போகும்; செலவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடியிலேயே திருகு வைத்து "200 முதல் 450 டிகிரி" என்று எண் அச்சிட்ட பேனா வகை அயர்ன்களில் கவனம் தேவை. அவற்றில் பல, ஃபேனுக்கு ரெகுலேட்டர் வைத்த மாதிரி கரண்டைக் கூட்டிக் குறைப்பவை. பிட்டின் சூட்டை அளந்து சரிசெய்யும் சென்சார் அவற்றில் கிடையாது.

அயர்னில் மிச்சம் பிடித்த பணத்தை லெட்டில் போடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லெட் என்பது வெள்ளீயமும் ஈயமும் கலந்தது; ஈயத்தைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது வெள்ளீயம். லெட்டில் கலப்படம் என்றாலே வெள்ளீயத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் பொருள். வெள்ளீயம் 60, ஈயம் 40 பங்கு உள்ள நல்ல 60/40 லெட் 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். 63/37 என்றால் 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். வெள்ளீயம் 40 சதவீதமாகக் குறைந்தால் முழுதாக உருக 238 டிகிரி வரை போக வேண்டும். ரீலின் மேல் 60/40 என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது அதுவல்ல என்றால், நல்ல பிட்டும் கெட்ட பெயர் வாங்கும்.

மற்றபடி ஸ்டாண்டு, பித்தளைக் கம்பிச் சுருள், ரோஸின் ஃப்ளக்ஸ், சக்கர் பம்ப், ஒரு மல்டிமீட்டர். இவ்வளவுதான் பட்டியல். இதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. கடை போடும் அளவுக்கு வளர்ந்த பிறகு முத்ரா கடனின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம்.

மொத்தமாகச் சாமான் எடுப்பவர்கள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவது வழக்கம். தஞ்சையில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து தெரு பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒற்றை அயர்னுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாற்றித் தரச் சொல்லி நாளைக்கே போய் நிற்க முடிகிற உள்ளூர்க் கடைதான் தொடக்கத்தில் லாபம்.

காசு கொடுக்கும் முன் ஐந்து நிமிடம்

மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அயர்னைச் சொருகாமலேயே பிளக்கில் எர்த் அல்லாத இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்ஸால் வகுத்தால் வர வேண்டிய அளவு கிடைக்கும். 25 வாட்ஸ் என்றால் ஏறத்தாழ 2,100 ஓம். 60 வாட்ஸ் என்றால் ஏறத்தாழ 880 ஓம். 60 வாட்ஸ் என்று எழுதிய அயர்ன் 1,500 ஓம் காட்டினால் அது 35 வாட்ஸ்தான். சாதாரணக் கம்பிச் சுருள் அயர்னுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். திருகு வைத்ததற்கும் ஸ்டேஷனுக்கும் பொருந்தாது.

அடுத்து எர்த். பிட்டின் முனையிலிருந்து பிளக்கின் எர்த் ஊசிக்குக் கன்டினியூட்டி வர வேண்டும். நல்ல ஸ்டேஷனில் அது 2 ஓமுக்குள் இருக்கும். பிட்டிலிருந்து மற்ற இரண்டு ஊசிக்கும் எதுவும் வரவே கூடாது. வந்தால் அதை வாங்காதீர்கள், ஷாக் அடிக்கும். இரண்டே ஊசி உள்ள அயர்ன் வயர் வேலைக்கு ஓடும், ஐ.சி. உள்ள போர்டுக்கு ஆகாது, லீக்கேஜே ஐ.சி.யைத் தின்றுவிடும். கடையில் எர்த் சரியாக இருந்து உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் வயரே இல்லை என்றால் பலன் இல்லை. அதையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு பிட். ஒரு சின்ன காந்தத்தை முனையில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு முலாம் பூசிய பிட். ஒட்டாவிட்டால் வெறும் செம்பு. வெறும் செம்பு மோசமில்லை. நன்றாகச் சூடேறும், மலிவு. ஆனால் உருகிய வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். இரும்பு முலாம் அதைத் தடுக்கத்தான். எது உங்கள் கையில் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் எப்படிப் பராமரிப்பது என்பதும் தெரியும்.

ஸ்டேஷன் வாங்கினால் பிட்டைக் கழற்றி ஹீட்டரின் மேல் மாட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. பிட்டின் துளை எவ்வளவு ஆழம், அதில் ஹீட்டர் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று ஒரு குச்சியை விட்டு ஒப்பிடுங்கள். மலிவு நகல்களில் ஹீட்டர் பாதியிலேயே நின்றுவிடுவது சாதாரணம். அடுப்புக்கும் பானைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு உலை வைத்த கதைதான். டிஸ்ப்ளே 350 காட்டும், முனையில் லெட் இளகாது.

பிட்டின் வடிவத்திலும் ஒரு பொதுவான தவறு உண்டு. ஊசி மாதிரி கூர்முனை பிட்தான் நுணுக்க வேலைக்கு என்று எல்லோரும் அதையே கேட்கிறார்கள். கூர்முனை போர்டைத் தொடும் பரப்பு மிகக் குறைவு, சூடு இறங்காது. 2.4 மில்லிமீட்டர் உளி முனை ஒன்று, கத்தி முனை ஒன்று. இந்த இரண்டில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

கடைசியாக, பில். பேப்பர் துண்டில் எழுதித் தந்தால் போதாது. கடையின் பெயர், தேதி, பொருளின் பெயர், தொகை இருக்க வேண்டும்.

முதல் சூடுதான் பிட்டின் ஆயுள்

புது பிட்டைப் போட்டுச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஸ்டேஷன் என்றால் 250 டிகிரி வைத்து, லெட்டை முனையில் தொட்டுக்கொண்டே சூட்டை ஏற்றுங்கள். சாதாரண அயர்ன் என்றால் சொருகியதிலிருந்தே லெட்டை முனையில் வைத்திருங்கள். லெட் உருகும் முதல் கணத்தில் முனை முழுதும் வெள்ளி மாதிரி பூசிக்கொள்ள வேண்டும். காற்று படும் முன் ஈயம் படுவதுதான் முழு விஷயமும். சும்மா சூடேறிய முலாம் காற்றில் ஆக்ஸைடு ஆகிக் கறுத்தால் பிறகு ஈயம் ஏறாது.

வேலை நடக்கும்போது சாதாரண லெட்டுக்கு 320 முதல் 350 டிகிரி போதும். 400-க்கு மேல் வைத்தால் வேலை வேகமாவதில்லை, பிட்தான் வேகமாகக் கறுக்கிறது. துடைப்பதற்குப் பித்தளைச் சுருள் நல்லது. ஸ்பாஞ்சுதான் பயன்படுத்துவேன் என்றால் பிழிந்த ஈரம் போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் சூடான முலாம் ஒவ்வொரு முறையும் திடீரென்று குளிர்ந்து வெடிப்பு விடும். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் ஸ்பாஞ்சுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். அணைக்கும் முன் முனையில் ஒரு சொட்டு லெட்டை வைத்துவிட்டு அணையுங்கள். துடைத்துப் பளபளவென்று அணைப்பது சுத்தம் மாதிரி தெரியும். பிட்டுக்கு அதுதான் எமன்.

ஈயம் ஒட்டவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் கரண்ட். எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும். 25 வாட்ஸ் அயர்ன் 180 வோல்ட்டில் 25 வாட்ஸ் தராது. 15 வாட்ஸ்தான் தரும். மாலையில் ஒட்டாத அயர்ன் காலையில் நன்றாக ஒட்டினால் பிட்டில் குற்றமில்லை. டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள ஸ்டேஷன் இந்த இறக்கத்தை ஓரளவு சமாளித்துவிடும். கரண்டே இல்லாத இடத்தில், வயல் மோட்டார் கொட்டகையில் வேலை என்றால், பவர் பேங்கில் ஓடும் 65 வாட்ஸ் யு.எஸ்.பி.-சி அயர்ன் ஒன்று பையில் இருப்பது நல்லது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. சார்ஜ் லைட்டும் இன்வெர்ட்டரும் அதிகம் தேவைப்படுகிற அப்படிப்பட்ட நாளில்தான் சுவர் பிளக்கை நம்பிய அயர்ன் கைவிடும்.

இரண்டாவது லெட். வேறொரு நல்ல லெட்டை அதே பிட்டில் தொட்டுப் பாருங்கள். அது உடனே பரவினால் பழைய ரீல்தான் குற்றவாளி. ஜாயின்ட் உறையும்போது களிமாதிரி நெடுநேரம் குழைந்து நின்று, சாம்பல் நிறத்தில் முடிந்தால் வெள்ளீயம் குறைவு.

மூன்றாவது போர்டு. பழைய காப்பர் வயரில் எனாமல் இருக்கிறதா? கடற்கரைப் பக்கத்துச் சாமானில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா? சுரண்டி, ஃப்ளக்ஸ் வைத்து, மறுபடி பாருங்கள்.

நான்காவது பிட்டின் பொருத்தம். அயர்ன் ஆறியதும் ஸ்க்ரூவைத் தளர்த்தி பிட்டை எடுத்து, உள்ளே சேர்ந்த கரித்தூளைத் தட்டி விடுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் பிட் ஹீட்டரோடு பிடித்துக்கொள்ளாது. பிடித்துக்கொண்ட பிட்டைக் குறடால் திருகினால் ஹீட்டர் உடையும்.

இந்த நான்கும் சரி என்ற பிறகுதான் பிட்டைக் குறை சொல்ல வேண்டும்.

எதை மீட்கலாம், எதைத் தூக்கிப்போடலாம்?

கறுத்த பிட்டைக் கையில் எடுத்ததும் உப்புத்தாளைத் தேடுவதுதான் பலருடைய வழக்கம். கடைக்காரரின் முதல் கேள்வியே, "ஏம்பா, ஃபைல் போட்டுத் தேய்ச்சியா?" என்பதுதான். வெறும் செம்புப் பிட்டைத் தேய்க்கலாம். தேய்த்த உடனேயே ஈயம் பூசிவிட வேண்டும். இரும்பு முலாம் பிட்டைத் தேய்த்தால் முலாம் போகும், உள்ளே செம்பு தெரியும், பிறகு வெள்ளீயம் அதைக் குழியாகக் குடைந்துவிடும்.

முலாம் பிட்டை மீட்க இதைச் செய்யுங்கள். சூட்டைக் கூட்டாமல் 300 டிகிரிக்குக் குறையுங்கள். பித்தளைச் சுருளில் அழுத்தாமல் உருட்டுங்கள். ரோஸின் ஃப்ளக்ஸில் முனையைத் தோய்த்து, லெட்டைத் தாராளமாகச் சுற்றி உருக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒரு ஓரத்தில் வெள்ளை தெரிய ஆரம்பித்தால் பொறுமையாகத் தொடருங்கள், முழுதும் வந்துவிடும். வராவிட்டால் டிப் டின்னர் என்று சின்ன டப்பாவில் விற்கும் கலவையில் முனையை ஒருமுறை குத்தி எடுங்கள். அது காரமானது, தினமும் போடக் கூடாது.

நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் நவச்சாரம் போடுவதைப் பார்த்தவர்கள், பிட்டுக்கும் அதையே போடுவதுண்டு. செம்பு பிட்டுக்கு அது வேலை செய்யும். முலாம் பிட்டில் அடிக்கடி போட்டால் இரும்பையே அரிக்கும். அதன் மிச்சம் போர்டில் இறங்கினால் ட்ராக்கும் அரிக்கும். தகர வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்டுக்கும் இதே தீர்ப்புதான்.

முனையில் குழி விழுந்திருந்தால், ஓரத்தில் சிவப்பாகச் செம்பு தெரிந்தால், முலாம் தோலாக உரிந்தால் அந்த பிட் முடிந்தது. அதோடு மல்லுக்கட்டி வாடிக்கையாளரின் போர்டைக் கெடுக்க வேண்டாம்.

மாற்றித் தர மறுத்தால்

மாதக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த பிட்டை மாற்றித் தரக் கேட்பது நியாயமில்லை. ஆனால் முதல் நாளே முலாம் உரிந்தால், ஹீட்டர் எட்டாத அளவில் பிட் இருந்தால், பிட்டில் ஷாக் அடித்தால் அது குறைபாடுள்ள பொருள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற ரப்பர் ஸ்டாம்புக்குப் பயப்படாதீர்கள்.

"நீ தொழிலுக்கு வாங்கினாய், இந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தத்தான் வாங்கினேன் என்றால் நீங்களும் நுகர்வோர்தான். சட்டமே அப்படிச் சொல்கிறது. முதலில் நல்லபடியாகப் பேசுங்கள். பிரித்த அன்றே எடுத்த போன் வீடியோ, பில், பிட் மூன்றையும் காட்டுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

உடம்பையும் பாருங்கள்

சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாகிப் பறப்பதில்லை. கையில் ஒட்டி வாய்க்குள் போவதுதான் ஆபத்து. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். மேசையில் டிபன் பாக்ஸ் வேண்டாம். மூக்கில் ஏறும் புகை ஃப்ளக்ஸ் புகை. இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. சின்ன ஃபேன் ஒன்று புகையை வெளியே தள்ளும்படி வையுங்கள். குழந்தைகள் நடமாடும் கூடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: நடுத்தர அயர்ன், நல்ல லெட், இரண்டு நல்ல பிட், கையில் பில். பிட் கறுத்தால் கரண்டு, லெட், போர்டு, பொருத்தம் என்று வரிசையாகப் பார்த்த பிறகே பிட்டைத் திட்டுங்கள். மொபைல் ஸ்டார்ட்டரோடு வாசலில் வந்து நிற்கும் விவசாயி உங்களிடம் எதிர்பார்ப்பதும் இதே வரிசையான சோதனையைத்தான். அதற்குத்தான் அவர் கூலி தருகிறார்.